உலகின் கூரையைத் தாங்குவது எது?



திபெத்தை உலகின் கூரை என்கிறோம். கூரை என்று சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி தானே வந்து நிற்க வேண்டும்: கூரையைத் தாங்குவது எது? ஏறத்தாழ 25 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பு. இந்தியாவில் முக்கால் பங்கு. அத்தனை நிலமும் சராசரியாக 5,000 மீட்டர் உயரத்தில் கிடக்கிறது. ஆல்ப்ஸ் மலையின் மிக உயர்ந்த சிகரமான மோன் பிளாங்கின் உச்சியைவிட, திபெத்தில் யாக் மாடு மேயும் சாதாரணப் புல்வெளி உயரமானது. ஒற்றைச் சிகரம் உயர்ந்து நிற்பதில் பெரிய வியப்பில்லை. சுற்றியுள்ள பாறையின் வலுவே அதைச் சுமந்துவிடும். ஆயிரம் கிலோமீட்டர் அகலமுள்ள நிலத்தை அப்படிப் பாறையின் வலு சுமக்காது. அடியிலிருந்து ஏதோ ஒன்று தாங்க வேண்டும். அது என்ன என்பதுதான் இன்றைய பேச்சு. விடையைக் கடைசிவரை மறைத்து வைக்க இது மர்மக் கதையன்று. இப்போதே சொல்லிவிடுகிறேன். மேலே ஒன்றுபோலத் தட்டையாகத் தெரியும் அந்தக் கூரையை ஒரே தாங்கல் தாங்கவில்லை. தெற்கே ஒன்று தாங்குகிறது, வடக்கே வேறொன்று தாங்குகிறது. இதை யார் பார்த்தார்கள்? யாரும் பார்க்கவில்லை. நிலநடுக்க அலைகள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கின்றன. அந்தச் சாட்சியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

இந்தக் கேள்வி பிறந்த இடம் திபெத் அன்று, இந்தியச் சமவெளி. 1802 ஏப்ரல் மாதம் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே வில்லியம் லாம்டன் ஓர் அடிக்கோட்டை அளந்தார். அங்கிருந்து கிளம்பிய நில அளவை முக்கோணம் முக்கோணமாக வளர்ந்து, ஜார்ஜ் எவரெஸ்ட் காலத்தில் இமயத்தின் அடிவாரத்தை எட்டியது. வடக்கே கலியானா, தெற்கே கலியான்பூர் என இரண்டு நிலையங்கள். இடையே ஏறத்தாழ 600 கிலோமீட்டர். அந்தத் தொலைவைத் தரையில் அளந்தார்கள். விண்மீன்களைப் பார்த்தும் கணக்கிட்டார்கள். இரண்டும் ஒத்துவரவில்லை. வேறுபாடு 5.236 விநாடிக் கோணம். தரையில் சொன்னால் சுமார் 160 மீட்டர். காரணம் என்ன? விண்மீனைப் பார்ப்பவர் செங்குத்து எது என்று தூக்குக்குண்டை நம்பித்தான் சொல்கிறார். கொத்தனார் கையிலுள்ள அதே தூக்குக்குண்டு. பக்கத்தில் இமயம் போன்ற பெருமலை இருந்தால் அது குண்டைத் தன் பக்கம் இழுக்கும். கல்கத்தாவில் ஆர்ச்டீக்கன் என்ற திருச்சபைப் பதவியில் இருந்த ஜான் ஹென்றி பிராட் உட்கார்ந்து இதைக் கணக்கிட்டார். கண்ணுக்குத் தெரியும் மலையும் பீடபூமியும் இழுக்க வேண்டிய அளவு 15.885 விநாடி என்று வந்தது. அதாவது, இழுக்க வேண்டியதில் மூன்றில் ஒரு பங்குதான் இமயம் இழுக்கிறது! மலை இருக்கிறது, அதற்குரிய இழுப்பு இல்லை. அப்படியானால் மலைக்கு அடியில் ஏதோ ஒரு கனம் குறைந்திருக்கிறது.

எங்கே குறைந்தது, எப்படிக் குறைந்தது? இங்கேதான் இரண்டு கட்சிகள் பிறந்தன. 1855-இல் இங்கிலாந்தின் அரசு வானியலர் ஜார்ஜ் ஏரி சொன்ன விடை, தெப்பம். மரக்கட்டைகளை நீரில் மிதக்கவிடுங்கள். எந்தக் கட்டை நீருக்கு மேலே அதிகம் தலை காட்டுகிறதோ, அது நீருக்குள்ளும் அதிகம் இறங்கியிருக்கும். மலைக்கும் அப்படியே, அடியில் ஆழமான வேர் உண்டு. மேலோட்டுக்குக் கீழுள்ள கனமான கவசப் பாறை இருக்க வேண்டிய இடத்தை இலேசான மேலோட்டுப் பாறை பிடித்துக்கொண்டிருக்கிறது என்றார். பிராட் இதை ஏற்கவில்லை. 1859-இல் அவர் வேறு வழி காட்டினார்: வேர் எதுவும் வேண்டாம், உயர்ந்த நிலத்தின் அடியிலுள்ள பாறையே அடர்த்தி குறைந்தது, கொதிக்கும் பால் பொங்குவதுபோல விரிந்து உயர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் சொன்னது சரி? ஈர்ப்பை வைத்து இதைத் தீர்க்க முடியாது. ஈர்ப்பு என்பது மளிகைக் கடைச் சீட்டில் மொத்தத் தொகை மட்டும் இருப்பதுபோல. அரிசிக்கு எவ்வளவு, பருப்புக்கு எவ்வளவு என்று அது பிரித்துக் காட்டாது. வழக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் அப்படியே கிடந்தது.

பிரித்துக் காட்ட வந்தவை நில அதிர்வு அலைகள். தோண்டிப் பார்க்கலாமே என்று தோன்றும். ரஷ்யாவின் கோலாத் தீபகற்பத்தில் தோண்டிய ஆழ்துளையின் அடி 12,262 மீட்டர். திபெத்தின் மேலோட்டில் அது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். அலைக்கு அந்தத் தடை இல்லை. 1909 அக்டோபர் 8 அன்று குரோவேசியாவின் கூப்பாப் பள்ளத்தாக்கில் நிலம் நடுங்கியது. அதன் பதிவுகளை ஆராய்ந்த அந்திரியா மொகோரோவிசிச், ஒரே நடுக்கத்தின் முதன்மை அலை சில நிலையங்களுக்கு இரண்டு முறை வந்திருப்பதைக் கண்டார். ஏன் இரண்டு முறை? ஊருக்குள் செல்லும் சாலை கிட்டம், ஆனால் மெதுவாகத்தான் போக முடியும். நாற்கரச் சாலையைப் பிடிக்கச் சுற்ற வேண்டும், ஆனால் பிடித்துவிட்டால் வேகம். பக்கத்து ஊருக்குப் போகிறவருக்கு உள்சாலை இலாபம். தொலைவு போகிறவருக்கு நாற்கரச் சாலை இலாபம். அலையும் அப்படித்தான்: மேலோட்டில் நொடிக்கு 6 கிலோமீட்டர் அளவில் போவது, ஓர் எல்லையைத் தாண்டிக் கீழே இறங்கினால் நொடிக்கு 8 கிலோமீட்டர் அளவில் ஓடுகிறது. அந்த எல்லைக்கு மோஹோ என்று பெயர். மேலோடு முடிந்து கவசம் தொடங்கும் இடம் அது. ஏரியின் கட்டை எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று அளக்க இப்போது ஒரு கோல் கிடைத்துவிட்டது.

அந்தக் கோலைத் திபெத்தில் எப்படி ஊன்றுகிறார்கள்? மிக எளிய முறை ஒன்றைச் சொல்கிறேன். உலகின் வேறொரு மூலையில் பெரிய நிலநடுக்கம். அதன் முதன்மை அலை பூமியின் ஆழத்தில் புகுந்து, திபெத்துக்கு அடியிலிருந்து மேலே ஏறி வருகிறது. மோஹோ எல்லையைக் கடக்கும்போது அதில் ஒரு சிறு பங்கு இரண்டாம் நிலை அலையாக உருமாறுகிறது. ஒரே வாசலில் ஒரே நேரத்தில் கிளம்பிய இரண்டு தூதர்கள். ஒருவர் வேகம், ஒருவர் நிதானம். முதலாமவர் வந்து எத்தனை நொடி கழித்து இரண்டாமவர் வருகிறார் என்று எண்ணினால் வாசல் எவ்வளவு தொலைவு என்று தெரிந்துவிடும். நொடிக்குச் சுமார் 8 கிலோமீட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். சாதாரணக் கண்டத்தின் மேலோடு 35 முதல் 40 கிலோமீட்டர். இடைவெளி நான்கரை, ஐந்து நொடி. தெற்குத் திபெத்தில் அந்த இடைவெளி 9 நொடி அளவுக்கு நீள்கிறது. அங்கே வேர் இருக்கிறது. அதுவும் இரட்டிப்பு வேர்!

இரட்டிப்பு என்று சொல்லக் காரணம் உண்டு. 1922-இல் பிரஸ்ஸல்ஸில் கூடிய உலக நிலவியல் மாநாட்டில் சுவிட்சர்லாந்தின் எமில் அர்காந்து ஒரு துணிச்சலான கருத்தை வைத்தார்: இந்தியா ஆசியாவின் அடியில் நுழைந்து கிடக்கிறது, ஒரு மேலோட்டின் கீழ் இன்னொரு மேலோடு. அப்போது அதை நிரூபிக்கக் கருவியில்லை. எழுபது ஆண்டுகள் கழித்து, 1992-இல், சீன, அமெரிக்க ஆய்வாளர்கள் இன்டெப்த் என்ற திட்டத்தின் முதல் கட்டமாகத் தெற்குத் திபெத்தில் வெடி வைத்து எதிரொலி கேட்டார்கள். இமயத்தின் அடியிலிருந்து வடக்கு நோக்கிச் சரிந்து இறங்கும் ஒரு தளம் எதிரொலித்தது. அதற்கும் கீழே, ஏறத்தாழ 75 கிலோமீட்டர் ஆழத்தில், மோஹோ எதிரொலித்தது. பிறகு 2002 முதல் 2005 வரை, நேபாளச் சமவெளியிலிருந்து நடுத் திபெத் வரை 800 கிலோமீட்டர் நீளத்துக்கு இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் அதிர்வுமானிகளை வரிசையாகப் புதைத்தார்கள். ஹை-கிளைம்ப் என்று அதற்குப் பெயர். 2009-இல் வெளியான அதன் முடிவு, இந்தியாவின் கீழ் மேலோடு திபெத்தின் அடியில் வட அகலாங்கு 31 பாகை வரை படர்ந்து கிடப்பதைக் காட்டியது. மேற்கே, ஐதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்தாரும் அவர்களோடு உழைத்தவர்களும் தில்லியிலிருந்து லடாக் வழியாகக் காரகோரம் வரை தொடர்ந்து அளந்து 2006-இல் வெளியிட்டார்கள்: தில்லியின் அடியில் 40 கிலோமீட்டர் அளவிலிருந்த மோஹோ, காரகோரத்தின் அடியில் 75 கிலோமீட்டருக்கு இறங்குகிறது. அறுந்து அறுந்து இல்லை, ஒரே சரிவாக இறங்குகிறது. நாம் இப்போது உட்கார்ந்திருக்கும் இதே கண்டத்தின் அடிப்பகுதிதான் அங்கே திபெத்தைத் தோளில் சுமக்கிறது. தெற்கைப் பொறுத்தவரை ஏரி வென்றார், அர்காந்தும் வென்றார்.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் பாடப்புத்தகத்துக்குப் போதும். ஆனால் வடக்கே போங்கள், கதை மாறுகிறது. 1991, 92-இல் வெறும் 11 அதிர்வுமானிகளைக் கொண்டு நடத்திய முதல் அகன்ற அலைவரிசை ஆய்விலேயே ஒரு முரண் தலைகாட்டியது. தெற்கே மேலோடு 70 முதல் 80 கிலோமீட்டர். வடக்கே 60 முதல் 65 கிலோமீட்டர்தான். மேலே நிலத்தின் உயரமோ ஏறத்தாழ ஒன்றே. கட்டையின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மேலோட்டின் தடிப்பு 10 கிலோமீட்டர் குறைந்தால் நிலம் ஏறத்தாழ 1.4 கிலோமீட்டர் தாழ வேண்டும். தாழவில்லை! வேர் குட்டையாக இருந்தும் தலை தாழவில்லை என்றால், அந்தக் கட்டையை வேறு ஏதோ ஒன்று தூக்கிப் பிடித்திருக்கிறது.

அது எது? இதற்கு விடை சொன்னது, வந்த அலை அன்று, வராத அலை. மோஹோவுக்குச் சற்றுக் கீழே, கவசத்தின் மேற்பகுதியை ஒட்டிப் பக்கவாட்டில் ஓடும் இரண்டாம் நிலை அலை ஒன்று உண்டு. குளிர்ந்த, கெட்டியான பாறையில் அது பல நூறு கிலோமீட்டர் தளராமல் ஓடும். சூடேறி மெலிந்த பாறையில் வலுவிழந்து அடங்கிவிடும். 1982-இல் முவாவியா பராசங்கியும் ஜேம்ஸ் நீயும் இமயம், தெற்குத் திபெத் வழியாக வந்த பாதைகளையும் வடக்குத் திபெத் வழியாக வந்த பாதைகளையும் ஒப்பிட்டார்கள். தெற்கில் அலை தெளிவாக வருகிறது. வடக்கில் காணோம். அதே ஆழத்தில் ஓடும் முதன்மை அலையும் வடக்கில் சில விழுக்காடு வேகம் குறைந்தே வருகிறது. வடக்குத் திபெத்தில் நிலவியல் கணக்கில் நேற்றுப் பீறிட்டது என்று சொல்லத்தக்க, பொட்டாசியம் மிகுந்த எரிமலைப் பாறைகள் சிதறிக் கிடக்கின்றன. எல்லாம் ஒரே திசையைக் காட்டுகின்றன: வடக்கே மோஹோவின் அடியில் கவசம் சூடாக இருக்கிறது. சூடான பாறை விரிந்தது. விரிந்த பாறை இலேசானது. இலேசான பாறை தூக்கிப் பிடிக்கிறது. பால் பொங்கிய கதைதான்! தோற்றுவிட்டார் என்று நாம் ஒதுக்கிய பிராட், வடக்கே வந்து நிற்கிறார்.

இங்கே அறிவார்ந்த ஒருவர் எழுந்து, இவையெல்லாம் படமா, உங்கள் கற்பனையா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. நில அதிர்வுப் படம் நிழற்படம் அன்று. நமக்குக் கிடைப்பது நேரம். நமக்கு வேண்டியது ஆழம். 9 நொடி இடைவெளி 75 கிலோமீட்டர் மேலோட்டாலும் வரும். தடிப்புக் குறைந்து, இரண்டாம் நிலை அலை இன்னும் மெதுவாகப் போகும் மேலோட்டாலும் வரும். ஒரு சமன்பாடு, இரண்டு தெரியாத எண்கள். உண்மைதான். ஆனால் அந்தத் தூதர்களுக்குப் பின்னால் இன்னும் சிலர் வருகிறார்கள். தரையில் மோதிக் கீழே போய், மோஹோவில் மோதி மறுபடி மேலே வரும் எதிரொலி அலைகள் அவை. தடிப்பும் வேகமும் அவற்றின் நேரத்தை வேறு விகிதத்தில் மாற்றுகின்றன. ஆகவே இரண்டாவது சமன்பாடு கிடைக்கிறது. அதன்பின் மேற்பரப்பு அலைகள் இருக்கின்றன. அவற்றில் நீண்ட அலை ஆழத்தையும் குறுகிய அலை மேல்பகுதியையும் சோதிக்கும். நிலநடுக்கமே இல்லாத நாளிலும் கடலலைகள் ஓயாமல் தரையைத் தட்டுவதால் எழும் இரைச்சலை, முன்பெல்லாம் குப்பை என்று வடிகட்டி எறிந்ததை, இப்போது எடுத்துப் படமாக்குகிறார்கள். கடலின் முணுமுணுப்பில் கடலுக்கு மிக உயரே இருக்கும் நிலத்தின் உள்ளமைப்பு தெரிகிறது! ஒரு சாட்சியை நம்பச் சொல்லவில்லை நான். ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத, வெவ்வேறு குறைகள் கொண்ட சாட்சிகள் ஒரே சொல்லைச் சொன்னால் மட்டும் நம்புங்கள் என்கிறேன். தெற்கே தடித்த மேலோடு, வடக்கே மோஹோவின் அடியில் சூடு என்பதில் அவை ஒரே சொல்லைச் சொல்கின்றன.

இன்னொரு மறுப்பு வலுவானது. கீத் பிரீஸ்ட்லியும் அவரோடு ஆய்ந்தவர்களும் நீண்ட மேற்பரப்பு அலைகளை வைத்து, திபெத் முழுவதன் அடியிலும், வடக்கிலும்கூட, 150 கிலோமீட்டரைத் தாண்டிய ஆழத்தில் வேகம் மிகுந்த, அதாவது குளிர்ந்த, பாறைப் படலம் இருப்பதாகக் காட்டினார்கள். அப்படியானால் வடக்கின் சூடு எங்கே போயிற்று? இதைக் கேட்டு என் வாதம் உடைகிறதா? கூர்ந்து பாருங்கள். மோஹோவுக்கு உடனடிக் கீழே வேகம் குறைவு என்பதை இந்தக் கட்சியும் ஒப்புக்கொள்கிறது. சண்டை அதற்கும் கீழே உள்ளது பற்றித்தான். வடக்குத் திபெத்தின் கனத்த அடிப்படலம் முழுதாக உடைந்து கீழே அமிழ்ந்துபோய், அந்த இடத்தைச் சூடான கவசம் ஏறி நிரப்பியது என்று ஒரு கதை 1980-களிலிருந்து உலவுகிறது. அந்தக் கதைக்குத்தான் இந்தச் சான்று இடைஞ்சல். தடித்த மேலோட்டிலுள்ள கதிரியக்கத் தனிமங்களே காலப்போக்கில் அடியைச் சூடேற்றியிருக்கலாம். அமிழ்தல் எதுவும் தேவையில்லை என்பது அவர்கள் பக்கம். சூடு வந்த வழியைப் பற்றி வழக்கு நடக்கட்டும். சூடு இருக்கிறது என்பதில் வழக்கில்லை. நானும் அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை.

நடு மேலோட்டில் ஓடுவதாகச் சொல்லப்படும் உருகிய ஆறு பற்றியும் ஒரு சொல். 1996-இல் இன்டெப்த் குழுவினர் தெற்குத் திபெத்தில் 15 முதல் 20 கிலோமீட்டர் ஆழத்தில் பளிச்சென்று எதிரொலிக்கும் இடங்களைக் கண்டு, அங்கே பாறை ஓரளவு உருகியிருக்கிறது என்றார்கள். அடுத்த சில ஆண்டுகளில் இது பெருகிப் பெருகி, திபெத்தின் அடியில் பாறைக் கூழ் தேன்போல் வழிந்து கிழக்கே ஓடுகிறது என்ற அளவுக்குப் போனது. அழகான படம், மிகைப்படுத்திய படம் என்பது என் கருத்து. அந்தப் பளிச்சிடும் இடங்கள் யாங்பாஜிங் வெந்நீர்ப் பகுதியை ஒட்டியவை. உப்பு கலந்த வெந்நீரும் அதே எதிரொலியைத் தரும். மின்கடத்து திறனை அளந்தவர்கள் நடு மேலோடு நன்றாக மின்சாரம் கடத்துகிறது என்றார்கள். அதையும் உருகலும் செய்யும், உப்புநீரும் செய்யும். மெலிந்த அடுக்குகள் இருப்பது உறுதி. அவை ஒன்றோடொன்று சேர்ந்து பீடபூமி முழுவதும் ஓடும் ஆறாக இருக்கின்றன என்பது உறுதியில்லை.

திபெத் மட்டும் விதிவிலக்கோ என்று ஐயம் எழலாம். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடருக்குப் போங்கள். அங்கே வடக்கே ஆல்டிபிளானோ, தெற்கே பூனா என்று அடுத்தடுத்து இரண்டு பீடபூமிகள். ஆல்டிபிளானோவின் உயரம் 3,800 மீட்டர் அளவு. பூனா அதைவிட உயரம். உயரமான பூனாவுக்குத்தான் தடித்த வேர் இருக்க வேண்டும் அல்லவா? இல்லை. பூனாவின் அடியிலுள்ள பாறைப் படலம் மெலிந்தது, சூடானது. அங்கேயும் ஒரே மேடைக்கு இரண்டு வகைத் தாங்கல்.

இதையெல்லாம் தெரிந்து என்ன பயன் என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக ஒன்று. இந்தியா ஆண்டுக்கு ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் வடக்கே நகர்கிறது. அதில் பாதியளவை இமயம் வாங்கிக்கொள்கிறது. 1992-இல் எதிரொலித்த அந்தச் சரிந்த தளத்தில்தான் அந்த நகர்வு சிக்கிக் கிடந்து, சிக்கல் அறும்போது நிலம் நடுங்குகிறது. 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தை உலுக்கிய 7.8 அளவு நிலநடுக்கம் அதே தளத்தில் நிகழ்ந்தது. அந்தத் தளம் எந்த ஆழம் வரை சிக்கியிருக்கிறது, எங்கே சூடேறி வழுக்கத் தொடங்குகிறது என்பதை இந்தப் படங்கள் இல்லாமல் சொல்ல முடியாது.

இனி மிஞ்சுவது எல்லைத் தகராறு. தெற்குத் தாங்கல் எங்கே முடிகிறது, வடக்குத் தாங்கல் எங்கே தொடங்குகிறது? ஹை-கிளைம்ப் வரிசை 31 பாகை என்றது. 2022-இல் முற்றிலும் வேறொரு சாட்சி கூண்டில் ஏறியது: ஹீலியம் வாயு. திபெத்தின் இருநூறுக்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகளில் குமிழியிடும் வாயுவை ஆராய்ந்தார்கள். கவசத்திலிருந்து வரும் ஹீலியத்துக்கு ஒரு முத்திரை உண்டு. மேலோட்டில் பிறந்த ஹீலியத்துக்கு வேறு முத்திரை. தெற்கேயுள்ள ஊற்றுகளில் மேலோட்டு முத்திரை மட்டும். அடியில் குளிர்ந்த இந்தியத் தகடு மூடிபோல் கிடந்து கவசத்து வாயுவைத் தடுக்கிறது. ஒரு கோட்டைத் தாண்டியதும் கவசத்து முத்திரை தெரியத் தொடங்குகிறது. ஆனால் அந்தக் கோடு, அலைகள் சொன்ன எல்லைக்கு முன்னாலேயே, இன்னும் தெற்கே வந்துவிடுகிறது. யார் சொல்வது சரி? இருவருமே சரியாக இருக்கலாம் என்பது என் கணிப்பு. அலைகள் கண்டது இந்தியாவின் மேலோட்டை. ஹீலியம் கண்டது அந்த மேலோட்டின் அடியில் ஒட்டியிருந்த கவசப் படலத்தின் முனையை. படலம் முன்னதாகவே பிரிந்து கீழே மடங்கியிருக்க, மேலோடு மட்டும் இன்னும் சிறிது தொலைவு வடக்கே நீண்டு கிடக்கிறது என்றால் இரண்டு சாட்சியும் பொருந்தும். 2003-இல் நடுத் திபெத்தின் அடியில் ஏறத்தாழ செங்குத்தாகக் கீழிறங்கும் குளிர்ந்த பாறையைப் படம்பிடித்ததையும் இதோடு வைத்துப் பாருங்கள். இந்தக் கணிப்பு தவறென்றால் அது எளிதில் தெரிந்துவிடும். இரண்டு எல்லைகளுக்கும் நடுவேயுள்ள நிலத்தில் அதிர்வுமானிகளை நெருக்கமாகப் புதைத்தால், மேலோட்டின் அடியில் சூடான கவசம் நேரடியாக ஒட்டுகிறதா, குளிர்ந்த படலம் இடையில் இருக்கிறதா என்று பக்கவாட்டில் ஓடும் அந்த அலையே சொல்லிவிடும்: தெளிவாக வந்து சேர்ந்தால் நான் சொன்னது தவறு, வழியில் அடங்கிப்போனால் சரி.